அஃபானின் மூக்கு

சூலூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். ஆயிரத்து இருநூறு பேர் சாப்பிட்ட பந்தி. டம்ளரில் வந்த கொள்ளு ரசத்தை இரண்டாவது முறையும் வாங்கிக் குடித்த கிருபாசங்கர், கையைக்கூடக் கழுவாமல் எழுந்து சமையல்கட்டைத் தேடிப் போனார்.

"இந்த ரசம் யாருங்க வெச்சது?"

காண்ட்ராக்டர் காட்டிய இடத்தில், பெரிய அண்டாவுக்குப் பின்னால், நாற்பதைக் கடந்த ஒல்லியான ஆள் ஒருவன் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கிருபாசங்கர் அவனை உற்றுப் பார்த்தார்.

"நீங்க செஃப் ஷெர்வின் தானுங்க? சென்னைல, கடலைப் பார்த்தாப்ல இருக்கற அந்த ஓட்டல்ல?"

"ஆமாங்க. இருந்தேன்."

"அங்க உங்க சாப்பாடு சாப்பிட்டிருக்கேன். ஆறு வருசம் ஆச்சு. ரசத்தைக் குடிச்சதுமே இந்தக் கை தெரிஞ்ச கையாச்சேன்னு தோணுச்சு."

கிருபாசங்கரின் குடும்பம் பம்ப்செட் தயாரிப்பது. அவருக்கோ சாப்பாட்டின் மேல்தான் பித்து. ரேஸ்கோர்ஸில் அவர்களுக்கு ஒரு பழைய பங்களா இருந்தது. அதில் இருபத்து நாலே பேர் உட்காரும் ஓர் உணவகம் தொடங்க வேண்டும், கொள்ளும் கம்பும் தட்டைப்பயிறும் எள்ளும் அங்கே ராஜ மரியாதையோடு தட்டில் வர வேண்டும் என்று ஒரு வருடமாக ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், ஆறு பேருக்கு, எட்டு வகை சமைச்சுக் காட்டுங்க. எனக்கு நம்பிக்கை இருக்குதுங்க. ஆனா முடிவு எங்கம்மாவோடது. பங்களா அவங்க பேர்ல இருக்குது."

"எப்பங்க?"

"மூணு வாரத்துல."

"செஞ்சுபோடலாமுங்க," என்றான் ஷெர்வின். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

தன் கையைப் பற்றி அவனுக்கு எந்த நாளும் சந்தேகம் வந்ததில்லை. எந்த அடுப்பின் முன்னால், எந்தப் பாத்திரத்தோடு நிறுத்தினாலும் அவனால் ஒரு நல்ல தட்டைப் போட்டுவிட முடியும். சந்தேகமெல்லாம் மூக்கின் மேல்தான்.

நான்கு வருடங்களுக்கு முன்பு ஊரெல்லாம் அடித்த காய்ச்சல் அவனையும் அடித்தது. ஐந்து நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் கொண்டுபோன வாசனையைத் திருப்பித் தரவேயில்லை. மற்றவர்களுக்கெல்லாம் ஒரு மாதம், இரண்டு மாதத்தில் திரும்பி வந்த வாசனை அவனுக்கு மட்டும் வரவில்லை. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு எல்லாம் நாக்கில் முன்னைவிடத் துல்லியமாக விழுந்தன. மிளகாய் எரிந்தது. ஆனால் சீரகத்தை மென்றால் மணலை மென்றது போலிருந்தது. நெய் உருகும்போது வெறும் சூடான எண்ணெய்யாகத்தான் தெரிந்தது.

அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கடுகு வெடிக்கும் சத்தத்தை வைத்தும், வெங்காயத்தின் நிறத்தை வைத்தும், பழைய ஞாபகத்தை வைத்தும் சமைத்தான். ஞாபகம் கைகொடுக்காத இடத்தில் அஃபான் கைகொடுத்தான். உக்கடத்துக்காரன், அவனுக்கு அடுத்தபடியாகச் சமையலறையைப் பார்த்துக்கொண்டவன். ஒவ்வொரு குழம்பையும் அவனிடம் நீட்டி, "என்ன குறையுது, சொல்லு பார்க்கலாம்," என்பான் ஷெர்வின். தனக்குப் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்து அஃபானும் மூக்கைக் கொண்டுபோய் வைத்து, சரியாகச் சொல்வான். வேறு யாராவது கேள்வி கேட்டால் ஷெர்வின் கத்துவான். கத்துகிற செஃபிடம் யாரும் நெருங்கிப் போய் விசாரிப்பதில்லை என்பதை அவன் சீக்கிரமே கண்டுகொண்டான்.

எட்டு மாதம் அப்படியே ஓடியது. ஒருநாள் அஃபான் மாடியில் ஒரு விருந்தைக் கவனித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஷெர்வின் தானே நண்டுப் பெட்டியைத் திறந்து சூப்புக்கு எடுத்தான். அது கெட்டுப்போயிருந்தது. நல்ல மூக்குள்ளவன் பத்தடி தள்ளி நின்றே சொல்லியிருப்பான். பதினோரு பேருக்கு வாந்தி, அதில் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நண்டைப் பார்த்து எடுத்தது யார் என்று நிர்வாகம் கேட்டது.

"அஃபான்," என்றான் ஷெர்வின்.

அஃபான் அவனைத் திரும்பிப் பார்த்தான். அன்றைக்கே அவனை வெளியே அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து, யாரும் சொல்லாமலே ஷெர்வினும் வேலையை விட்டான். அந்தச் சமையலறைக்குள் அவனால் நிற்க முடியவில்லை. சிங்காநல்லூரில் அக்கா கிளாடிஸ் வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தான். கல்யாணச் சமையலுக்குப் போனான். அங்கே பால் அடிப்பிடித்தால் கத்திச் சொல்ல இருபது பேர் இருந்தார்கள். அதனால் பிழைத்துக்கொண்டான்.

இப்போது எட்டு வகைக்கான திட்டத்தை இரண்டே நாளில் எழுதிவிட்டான். எழுதும்போது ஒவ்வொன்றும் எப்படி மணக்கும் என்பது அவன் தலைக்குள் தெளிவாக இருந்தது. மூன்றாவது நாள் மாடியில் எள்ளை வறுத்தான். நிறம் சரியாக இருந்தது, சத்தமும் சரியாக இருந்தது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறி வந்தாள்.

"என்னத்தடா கருக்குனே? தெரு முழுக்க நாறுது."

"கருகலைக்கா. பாரு, பொன்னாட்டம் இருக்குது."

"பார்க்கறதுக்கு இருக்குது. அடியில பிடிச்சது மேல ஏறிருச்சு."

கிளாடிஸ் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தம்பியின் கதை முழுக்கத் தெரிந்த ஒரே ஆள். அடுப்பை அணைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் உனக்கு மோந்து பார்த்துச் சொல்லிருவேன். ஆனா எனக்கு கருகினதும் கருகாததும்தான் தெரியும். உனக்கு வேணுங்கறது வேற மூக்கு. அது யாருதுன்னு உனக்கே தெரியும்."

"அவன் மூஞ்சியில எப்படிக்கா முழிப்பேன்?"

"அதை நீ மூணு வருசத்துக்கு முன்னாடியே கேட்டிருக்கோணும்," என்று சொல்லிவிட்டு அவள் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு ஷெர்வின் உக்கடம் மீன் மார்க்கெட்டில் நின்றான். அஃபான் ஊருக்குத் திரும்பி மீன் விற்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தான்; அங்கே கேட்டால் எல்லோருக்கும் அவனைத் தெரிந்திருந்தது. மாமனாரின் கடையைத்தான் இப்போது அவன் நடத்துகிறான். ரப்பர் செருப்பும் மடித்துக் கட்டிய கைலியுமாக ஒரு வஞ்சிரத்தை அறுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி ஜன்னத் போனில் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தாள். ஷெர்வினைப் பார்த்ததும் அஃபானின் கத்தி நின்றது.

"மீன் வேணுங்களா?"

"உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்."

"பார்த்துட்டீங்க."

ஷெர்வின் சுற்றி வளைக்கவில்லை. வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த முன்னுரைகளை விட்டுவிட்டு, "எனக்கு வாசனை தெரியாது அஃபான். அந்த நண்டுக்கு எட்டு மாசம் முன்னாடியிருந்தே தெரியாது. பெட்டியைத் திறந்தது நான்தான். உன் மேல போட்டுட்டேன்," என்றான்.

"பெட்டியைத் திறந்தது நீங்கன்னு எனக்குத் தெரியும். மூக்கு கதை இப்பத்தான் தெரியுது." அஃபான் மீனை நிதானமாகத் துண்டு போட்டான். "அதுக்கப்புறம் பதினாலு ஓட்டல்ல ஏறி இறங்குனேன். எல்லாப் பக்கமும் போன் பண்ணிக் கேப்பாங்க. கெட்டுப்போன நண்டைக் கொடுத்தவன்னு சொல்லுவாங்க. அவ்வளவுதான்."

ஷெர்வின் ரேஸ்கோர்ஸ் பங்களாவைப் பற்றிச் சொன்னான். எட்டு வகையையும் சொன்னான். சொல்லச் சொல்ல அஃபானின் முகம் மாறுவதைக் கவனித்தான். மூன்றாவது வகையில், கம்பு ரொட்டிக்கு மேல் வரும் கருவேப்பிலை வெண்ணெய்யைச் சொன்னபோது, அஃபான் தன்னையறியாமல் தலையை அசைத்தான். பிறகு சுதாரித்துக்கொண்டு, "வேற ஆளைப் பாருங்க," என்றான்.

அதுவரை போனில் இருந்த ஜன்னத் அதைக் காதிலிருந்து எடுத்தாள். ஷெர்வினைப் பார்க்காமல் கணவனிடம் பேசினாள்.

"நடந்ததை எழுதித் தரச் சொல்லுங்க. அந்த ஓட்டல்காரங்களுக்கு, கூட வேலை செஞ்ச அத்தனை பேருக்கும். எழுதிப்போட்டா யோசிக்கலாம். எழுதலைன்னா அந்தப் பக்கமா நிக்கச் சொல்லுங்க, ஏவாரத்துக்கு ஆள் வருது."

ஷெர்வின் மார்க்கெட் வாசலில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து போனிலேயே எழுதினான். எழுதுவது அவ்வளவு கடினமாக இல்லை. தேதி, நேரம், பெட்டி, தன் மூக்கு, தான் சொன்ன பொய், அஃபான் அப்போது மாடியில் இருந்தது. பன்னிரண்டு வரி. பழைய மேனேஜருக்கும், சமையலறையில் இருந்த முப்பது பேருக்கும் அனுப்பினான். அனுப்பிய பிறகு அவன் டீ ஆறிப்போயிருந்தது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஒன்பது பேர் கூப்பிட்டார்கள். ஒருவர் திட்டினார், ஒருவர் அழுதார், இரண்டு பேர் இனிமேல் கூப்பிடாதே என்றார்கள். எல்லா அழைப்பையும் எடுத்துப் பேசினான். ஓட்டலிலிருந்து பதிலே வரவில்லை.

நான்கு நாள் கழித்து அஃபானின் பைக் சிங்காநல்லூர் வீட்டு வாசலில் நின்றது.

"இன்னொண்ணு இருக்குது," என்றான் படியேறும் முன்பே. "என்னை ஒளிச்சு வெச்சு சமைக்கக் கூடாது. சாப்பிட வர்றவங்ககிட்ட, முதல் தட்டு போறதுக்கு முன்னால, மூக்கு விசயத்தைச் சொல்லிரணும்."

"சொன்னா வேலை கிடைக்காது அஃபான்."

"சொல்லாம கிடைச்சா எனக்கு வேண்டாம்."

ஷெர்வின் வாசல் கதவை அகலத் திறந்துவிட்டான். பிறகு, "சரி, சொல்லிரலாம். ஆனா அவங்க சாப்பிடாம எந்திரிச்சுப் போகாத மாதிரி சமைக்கணும்," என்றான்.

அதன் பிறகு பத்து நாள் அந்த மாடியறை அதகளப்பட்டது. முன்பு ஒருவன் சொல்ல ஒருவன் செய்த இடத்தில் இப்போது இரண்டு பேரும் சரிக்குச் சமமாகச் சண்டை போட்டார்கள். கொள்ளுச் சாற்றில் பூண்டு தூக்கல் என்றான் அஃபான். உப்பைக் கூட்டினால் பூண்டு அடங்கும் என்றான் ஷெர்வின். கூட்டினார்கள், அடங்கியது. ஒப்பிட்டுப் போளியை விரல் நீளத்துக்குச் சுருட்டி எள்ளுத் தூளில் புரட்ட வேண்டும் என்று ஷெர்வின் சொன்னபோது, எள்ளை வறுக்கும் வேலையை அஃபான் பிடுங்கிக்கொண்டான். ஒரு தடவை பழைய பழக்கத்தில் ஷெர்வின் குரலை உயர்த்தினான். அஃபான் கரண்டியை வைத்துவிட்டுக் கீழே போய் கிளாடிஸோடு உட்கார்ந்து காபி குடித்தான். அரை மணி நேரம் கழித்து ஷெர்வின் இறங்கி வந்து அழைத்த பிறகுதான் ஏறினான். அதற்கப்புறம் குரல் உயரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பங்களாவின் கூடத்தில் ஒரு நீள மேசை. நடுவில் கிருபாசங்கரின் அம்மா வள்ளியாத்தாள் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயது, காட்டன் புடவை, கையில் வாட்ச். கணவர் போன பிறகு கம்பெனியை இருபது வருடம் நடத்தியவர். அவருக்கு ஒரு பக்கம் கிருபாசங்கர், மறுபக்கம் கிருபாசங்கரின் மகள் வர்ஷினி, எதிரில் குடும்ப நண்பர்கள் மூன்று பேர்.

ஷெர்வின் வெள்ளைக் கோட்டோடு போய் நின்றான். பக்கத்தில் அஃபானும் நின்றான்.

"சாப்பிடறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிர்றேனுங்க. எனக்கு நாலு வருசமா வாசனை தெரியாது. அதை மறைச்சு வேலை செஞ்சேன். கெட்டுப்போன நண்டைப் போட்டுப் பதினோரு பேருக்கு உடம்புக்கு ஆகாமப் பண்ணிட்டேன். பழியை இவர் மேல போட்டேன். இவர் பேரு அஃபான். இந்தச் சமையலுக்கு நாக்கும் கையும் நான். மூக்கு இவர்."

கிருபாசங்கரின் முகம் சிவந்தது. "இதை மண்டபத்துலயே சொல்லியிருக்கோணுமுங்க. ஊரெல்லாம் உங்க பேரைச் சொல்லி வெச்சிருக்கேன். இப்ப வந்து..."

"சொல்லியிருக்கணுமுங்க. தப்புதான்."

"ஏனுங் தம்பி," என்றார் வள்ளியாத்தாள். "இன்னைக்கு இருக்கறதுல எதாச்சும் கெட்டுப்போனது இருக்குதுங்களா?"

"இல்லீங்க," என்றான் அஃபான். "நான் பார்த்துட்டனுங்க."

"அப்பறம் என்ன. எனக்குப் பசிக்குது. கிருபா, நீ உக்காரு. திட்டறதுன்னா சாப்பிட்டுப்போட்டுத் திட்டு."

முதல் தட்டு போனது. கொள்ளுச் சாறு, தெளிந்து, தேன் நிறத்தில், சின்னக் கிண்ணத்தில். இரண்டாவதாகத் தட்டைப்பயிறு வடை. மூன்றாவதாகக் கம்பு ரொட்டியும் கருவேப்பிலை வெண்ணெய்யும். பவானியிலிருந்து காலையில் வந்த ஆற்று மீனை வாழைப்பட்டையில் வைத்து வேகவைத்து நான்காவதாக அனுப்பினார்கள். தட்டுகள் காலியாகவே திரும்பி வந்தன. ஷெர்வினுக்குப் பழைய வேகம் கைகளில் ஏறியிருந்தது. சென்னையில் நல்ல நாட்களில் இருந்த அதே வேகம்.

ஐந்தாவது சந்தகை, கொங்குநாட்டு இடியாப்பம். மெல்லிய இழைகளைக் கூடு போலச் சுற்றி, சுண்டக் காய்ச்சிய தேங்காய்ப்பாலை மேசையில் வைத்து ஊற்ற வேண்டும். பாலைக் கூஜாவில் ஊற்றும்போது அஃபான் கையை நீட்டித் தடுத்தான்.

"வேண்டாங்க. சிக்கு வாடை வருது. ஒரு தேங்கா கெட்டிருக்குது."

ஷெர்வின் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தான். இனிப்பாக இருந்தது. கசப்பின் சுவடே இல்லை. "நல்லாத்தான் இருக்குது அஃபான்."

"உங்களுக்கு. அவங்களுக்கு இல்ல."

வேறு தேங்காய் இல்லை. கூடத்தில் ஆறு பேர் காத்திருந்தார்கள். ஷெர்வின் அந்தப் பாலை முழுவதும் தொட்டியில் கவிழ்த்தான். அது ஓடி முடிவதற்குள் அவன் கண்கள் அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டன. தயிர் இருந்தது. மாங்காய் இருந்தது. சுண்டைக்காய் வற்றல் ஒரு டப்பா இருந்தது.

"மோரு. மாங்காயைத் துருவிப் பிழிஞ்ச சாறு, இஞ்சி கொஞ்சம். சில்லுனு வேணும். மேல சுண்டவத்தலை நெய்ல பொரிச்சு நொறுக்கிப் போடலாம். சந்தகை வெதுவெதுன்னு இருக்கும், மோரு சில்லுனு இருக்கும். சரியா வருமா?"

அஃபான் ஒரு கணம் கண்ணை மூடினான். "வரும். சீரகம் வறுத்துப் போடுங்க. நான் நிறுத்துன்னு சொல்றப்ப நிறுத்துங்க."

ஷெர்வின் உப்பையும் புளிப்பையும் பிடித்தான், அஃபான் மற்றதைப் பிடித்தான். ஒன்பது நிமிடத்தில் ஆறு தட்டு வெளியே போனது. இரண்டு பேரும் கதவோரமாக நின்று பார்த்தார்கள்.

வள்ளியாத்தாள் கரண்டியால் ஒரு வாய் எடுத்தார். மென்றார். தட்டையே பார்த்தார்.

"சந்தகைல மோரை ஊத்தி எங்கூட்ல ஒருத்தரும் தின்னதில்லை," என்றார். பிறகு இன்னொரு வாய். அப்புறம் பேத்தியின் பக்கம் திரும்பி, "அம்மணி, உனக்கு வேண்டாம்னா அதை இப்படித் தள்ளு," என்றார்.

"வேணும் அப்பத்தா," என்றாள் வர்ஷினி. அவள் தட்டு ஏற்கனவே காலி.

எட்டாவது தட்டு முடிந்து காபி வந்தபோது அவர்களை மறுபடியும் கூப்பிட்டார்கள். கிருபாசங்கரின் கோபம் பாதி இறங்கியிருந்தது. மீதிப் பாதி குழப்பமாக நின்றது. "சாப்பாட்டுல குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனா நாளைக்கு வெளிய தெரிஞ்சா..."

"முப்பது பேருக்கு நானே எழுதிப்போட்டனுங்க. வெளிய தெரிஞ்சுதான் இருக்குது," என்றான் ஷெர்வின்.

வள்ளியாத்தாள் அஃபானைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. இவரை நம்பறீங்களா?"

அஃபான் அவசரப்படவில்லை. "சமையல்ல நம்பறேனுங்க. மத்ததுக்கு இன்னும் நாளாகும்."

ஷெர்வினுக்கு அது வலித்தது. ஆனால் அவன் எதிர்பார்த்து வந்ததைவிட அந்த நம்பிக்கையே அதிகம்.

"நான் கேக்கறது சமையலுக்குத்தானுங்க," என்றார் வள்ளியாத்தாள். "கிருபா, வாசல் போர்டுல ரெண்டு பேரு பேரையும் போடு. ஒரே அளவுல போடு."

தை மாதம் உணவகம் திறந்தது. முதல் வாரத்தில் பாதி மேசைதான் நிரம்பியது. மூக்கில்லாத செஃப் என்று யாரோ எழுதப்போய், வேடிக்கை பார்க்கவே பலர் வந்தார்கள். வந்தவர்கள் சாப்பிட்டார்கள். சாப்பிட்டவர்கள் வீட்டாரோடு திரும்பி வந்தார்கள். சித்திரை பிறக்கும்போது பத்து நாளுக்கு முன்பே சொல்லி வைத்தால்தான் இடம் என்றாகிவிட்டது.

வைகாசியில் ஒருநாள் அஃபானுக்குக் கடுமையான ஜலதோஷம். போனில் குரலே வரவில்லை. ஷெர்வின் கிருபாசங்கரைக் கூப்பிட்டு, "இன்னைக்கு மத்தியானம் திறக்க முடியாதுங்க. மூக்கு இல்லாம நான் ஒரு தட்டும் அனுப்ப மாட்டேன்," என்றான். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவன் மசியவில்லை. வரவேண்டிய பதினெட்டு பேரையும் தானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்று போனை எடுத்தபோது, பின்வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஜன்னத் இறங்கினாள்.

உக்கடத்தில் பார்த்த அந்தக் காலைக்குப் பிறகு அவள் ஷெர்வினோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது சமையலறைக்குள் வந்து கையைக் கழுவினாள்.

"மீன் கடையில பொறந்து வளர்ந்தவ நான். எங்க வீட்டுக்காரருக்கு மோந்து பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே கடை வெச்சிருந்த எங்க அத்தாதான். எல்லாத்தையும் எடுத்து வைங்க."

ஷெர்வின் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். அவள் ஒவ்வொன்றின் மேலும் குனிந்தாள். இரண்டு வகையை வேண்டாம் என்று ஒதுக்கினாள். மூன்றாவது ஒன்றில் மல்லியைக் குறைக்கச் சொன்னாள். ஷெர்வின் மறுபேச்சு பேசாமல் செய்தான். பதினெட்டு பேரும் சாப்பிட்டுப் போனார்கள். அதில் ஒருவர், இதுவரை சாப்பிட்டதிலேயே இதுதான் சிறப்பு என்று சொல்லியனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து மூக்கைத் துடைத்தபடி அஃபான் வந்தான். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் பென்சிலால் அடித்திருந்ததைப் பார்த்தான்.

"மல்லியைக் குறைச்சது யாரு?"

"உங்க ஊட்டுக்காரம்மா."

மல்லி குறைத்து அரைத்து வைத்திருந்த மசாலாவை அஃபான் எடுத்து முகர்ந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"அப்படியே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தான்.